காங்கல் நாய் ஆட்டுக்குட்டியை விரட்டினால் காவலுக்கு ஆகாதா?

கேள்வி: பட்டிக்காடன்
துருக்கியின் காங்கல் நாய்க்குப் பயிற்சியே வேண்டாம், பிறவியிலேயே மந்தையைக் காக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் பத்து மாத நாய் ஆட்டுக்குட்டிகளை விரட்டிக் காதைக் கடிப்பது ஏன்? அதைக் கழித்துவிட வேண்டியதுதானா? ஜெர்மன் ஷெப்பர்டிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

மேய்ச்சல்காரர்:
ஜெர்மன் ஷெப்பர்ட், பார்டர் கோலி எல்லாம் ஆட்டை ஓட்டவும் மடக்கவும் வளர்ந்த இனங்கள். மேய்ப்பரின் சொல்லுக்குக் காத்திருக்கும். காங்கல் ஆட்டோடு ஆடாக வாழ்கிற நாய். சீவாஸ் மாகாணத்து மேட்டு நிலத்தில் ஓநாய் வரும்போது, மேய்ப்பர் தூங்கினாலும் தானே முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் கூப்பிட்டதும் ஓடி வராது. அதைப் பிடிவாதம் என்று அடிப்பவர்கள் நல்ல காவல்நாயைக் கெடுக்கிறார்கள்.

பகலில் மேடான இடம் பார்த்துப் படுத்துக் கிடக்கும். இருட்டினால் சுற்றி வந்து, சிறுநீர் விட்டு எல்லை குறிக்கும். ஓநாய் வாடை அடித்தால் முதலில் குரைக்கும். பிறகு மந்தைக்கும் ஓநாய்க்கும் நடுவே போய் நிற்கும். கடி கடைசியில்தான். அப்படிச் சண்டை மூண்டால் தொண்டையைக் காக்கத்தான் கழுத்தில் இரும்பு முள் பட்டை.

ஆண் நாயின் தோள் உயரம் 72 முதல் 78 செ.மீ., எடை 48 முதல் 60 கிலோ. இதற்கு மேல் கொழுக்க வைக்காதீர்கள். மந்தையோடு நாள் முழுக்க நடக்க முடியாத நாயால் பயனில்லை.

வெள்ளாட்டுக்கொடி:
பிறவிக்குணம் பாதிதான், பழக்கம் மீதி. எட்டு வார வாக்கில் நாய்க்குட்டியை, முட்டாத, சாதுவான ஆடுகளோடு விட வேண்டும். ஆடு நுழைய முடியாத ஒரு தடுப்பு மூலை அவசியம். நாய்க்குட்டி ஒதுங்கவும் சாப்பிடவும் அதுதான் இடம். தீனியை ஆட்டுக்கு நடுவே வைத்தால், தட்டைக் காக்கப் போய் ஆட்டைக் கடிக்கப் பழகும். தினமும் வாய், காது, பாதம் தொட்டுப் பழக்குங்கள்; இல்லாவிட்டால் பின்னாளில் ஊசி போட யாரும் நெருங்க முடியாது.

பத்து மாதத்தில் விரட்டுவது பெரும்பாலும் வேட்டை அல்ல, விளையாட்டு. கூட விளையாட நாய் இல்லாததால் ஆட்டுக்குட்டி அகப்படுகிறது. அது ஓட ஓட இதற்கு உற்சாகம் கூடும். உடனே குட்டிகளிடமிருந்து பிரித்து, ஓடாமல் எதிர்த்து நிற்கிற பெரிய கிடாக்களோடு விடுங்கள். குட்டிகளோடு விடும்போது ஆள் கூடவே இருந்து, பாய எழும் நொடியிலேயே அதட்ட வேண்டும். கடித்த பிறகு அடிப்பது அதற்குப் புரியாது. ஓடுகிற மாட்டுக்குக் கழுத்தில் கட்டை தொங்கவிடுவோமே, அதே முறை இதற்கும் உண்டு: ஓடினால் முழங்காலில் இடிக்கும், நடந்தால் தொந்தரவில்லை. அனுபவமுள்ள மூத்த நாய் இருந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு வயது ஆகும்வரை ஈற்று நேரத்தில் தனியே விடாதீர்கள். புதிதாய் ஈன்ற குட்டியைத் தனதென்று நினைத்துத் தாயை நெருங்கவிடாத நாய்களும் உண்டு. கழிக்கும் முடிவும் அதற்குப் பிறகுதான்.

கால்நடை_நலம்:
நமீபியாவில் சீட்டா (சிவிங்கிப்புலி) பாதுகாப்பு நிதியம் 1994 முதல் இவ்வகை நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. ஆடு தப்பினால் விவசாயி சீட்டாவைச் சுடமாட்டார் என்பதே கணக்கு. வறண்ட வெயிலை அங்கே தாங்குகின்றன. நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

இன்னொன்று: செத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. அதிலுள்ள நீர்க்கட்டிகள் நாய்க் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டைகள் ஆட்டுக்கும் மனிதருக்கும் திரும்பி வரும். வழக்கமான குடற்புழு மருந்துகள் பல இதற்குப் போதாது. பிரசிகுவாண்டல் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அளவை நாயை எடை போட்டு மருத்துவர் சொல்லட்டும்.