லீவை நாளில் எண்ணாதீர்கள், மணித்தியாலத்தில் எண்ணுங்கள்

வெள்ளவத்தையில் அம்மா வீட்டில் லீவில் நிற்கிறேன். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலையில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறா: "அக்கா, கடிதத்தில் 27 நாள் லீவு என்று இருக்கு, ரோஸ்டரில் மணித்தியாலம் காட்டுது. எது சரி?"

இரண்டும் சரிதான். இங்கே இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் 24 நாள் வெக்கேஷன், 21 நாள் கெசுவல் என்று நாளில் எண்ணிப் பழகிவிட்டோம். இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இல் முழுநேரம் என்றால் கிழமைக்கு 37.5 மணித்தியாலம், லீவுக் கணக்கில் ஒரு நாள் 7.5. 27 நாளோடு எட்டுப் பொது விடுமுறையும் சேர்த்தால் 35 நாள், அதாவது வருடத்துக்கு 262.5 மணித்தியாலம். ஆனால் நீங்கள் செய்வது நீண்ட டியூட்டி. இடைவேளை போக 11.5 மணித்தியாலத்துக்குச் சம்பளம் என்றால், ஒரு டியூட்டிக்கு லீவு போட்டால் அந்த 11.5உம் கழியும். 35 நாள் என்பது 22 டியூட்டி சொச்சம்தான். பயப்படாதீர்கள், எப்படிப் பார்த்தாலும் ஏழு கிழமை.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். எங்கள் லீவு வருடம் ஏப்ரலில் தொடங்கும், நான் சேர்ந்தது ஒக்டோபரில். ஆக, பாதிதான் சேரும், ஏறக்குறைய மூன்றரைக் கிழமை. அதைப் பார்க்காமல் தைப்பொங்கலுக்கு ஐந்து கிழமை டிக்கெட் போட்டுவிட்டேன். மிச்ச ஒன்றரைக் கிழமை சம்பளமில்லாத லீவு. அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

ஐந்து வருடத்தில் 27 நாள் 29 ஆகும், பத்தில் 33. வேறு ட்ரஸ்டுக்கு (என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்பு) மாறினாலும் பழைய என்.எச்.எஸ். சேவை சேரும், அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தனியார் பராமரிப்பு இல்லம் சட்டப்படி தரவேண்டியது 5.6 கிழமை, பொது விடுமுறையும் அதற்குள் அடங்கலாம். பேங்க் டியூட்டி (தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் வேலை) மட்டும் செய்தால் வேலை செய்த நேரத்தில் 12.07 வீதம் லீவு: 100 மணித்தியாலத்துக்கு 12. லீவுப் பணத்தைச் சம்பளத்தோடே தந்துவிடுகிற இடமும் உண்டு. அப்புறம் ஊருக்குப் போகும்போது கையில் ஒன்றும் வராது, பேஸ்லிப்பைப் பாருங்கள்.

டுபாய்க்குப் போனவர்களுக்கு: தனியார் வேலையில் ஒரு வருடம் முடிந்தால் 30 நாள். ஆறு மாதம் தாண்டி, வருடம் முடியாதவர்களுக்கு மாதத்துக்கு இரண்டு நாள். அமெரிக்காவில் சம்பளத்தோடு லீவு தரச் சொல்லும் பொதுச் சட்டமே இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் சுகயீனம், பண்டிகை, சுற்றுலா எல்லாம் ஒரே உண்டியல், வேலை செய்யச் செய்ய நிரம்பும். காய்ச்சலில் படுத்தால் ஊர்ப்பயணத்திலிருந்துதான் கழியும்.

தங்கச்சி, சேர்ந்த திகதியையும் லீவு வருடம் தொடங்கும் மாதத்தையும் எழுதுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறா.