‘டிட்டர்மினர்’ என்பதற்கு எது பொருந்தும்: சுட்டடையா, வரையடையா, வரைசொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில இலக்கணச் சொற்பட்டியலில் பெயர்ச்சொல், பெயரடை, பிரதிப்பெயர் மூன்றும் முடிந்தன. ‘அட்ஜெக்டிவ்’ என்பதற்குப் பெயருரிச்சொல் என்று எழுதும் கையேடுகள் உண்டு. நம் உரிச்சொல்லோடு குழம்பும் என்பதால் பெயரடையே இருக்கட்டும்.

இழுபறியில் நிற்பது ‘டிட்டர்மினர்’. ‘தி’, ‘எ’, ‘திஸ்’, ‘மை’, ‘எவ்ரி’, ‘நோ’ எல்லாம் இதில் அடங்கும். பழைய பள்ளி இலக்கணங்கள் இவற்றை ‘டெமான்ஸ்ட்ரேட்டிவ் அட்ஜெக்டிவ்’, ‘பொசெசிவ் அட்ஜெக்டிவ்’ என்று அட்ஜெக்டிவ் கணக்கிலேயே எழுதின. 1933-இல் டிட்டர்மினர் என்ற பெயரைக் கையாண்ட அமெரிக்க மொழியியலாளர் புளூம்ஃபீல்டும் அதை அட்ஜெக்டிவின் உட்பிரிவாகத்தான் வைத்தார். அதனால் ‘சுட்டடை’ என்று முன்மொழிகிறேன்.

----------

> அதனால் ‘சுட்டடை’ என்று முன்மொழிகிறேன்.

ஐயா, சுட்டு என்றால் அ, இ, உ. ‘திஸ்’, ‘தட்’ இரண்டும் சுட்டும். ‘எவ்ரி’யும் ‘நோ’வும் எதைச் சுட்டுகின்றன? ‘விச் புக்’ என்பதில் இருப்பது வினா. எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை, பெயரின் பரப்பை வரையறுப்பது. ‘வரையடை’ என்றால் அது அடங்கும்.

இன்னொன்று. ‘திஸ்’ எங்கே பிரதிப்பெயர், எங்கே டிட்டர்மினர் என்று ஆங்கிலம் சொல்லின் வடிவில் காட்டுவதில்லை, தமிழ் காட்டுகிறது. இது, அது என்பவை அகச்சுட்டில் வரும் பெயர்கள். இந்த, அந்த என்பவை சுட்டுத்திரிபு. ‘திஸ் இஸ் ஹெவி’ என்றால் ‘இது’, ஆகவே பிரதிப்பெயர். ‘திஸ் பாக்ஸ் இஸ் ஹெவி’ என்றால் ‘இந்த’, ஆகவே டிட்டர்மினர். எது/எந்த, ஒன்று/ஒரு, ஒவ்வொன்று/ஒவ்வொரு என எல்லா இணையும் அப்படியே பிரியும். நம் மாணவருக்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

----------

சோதனை அருமை. ‘அடை’ என்ற ஈறு மட்டும் வேண்டாம். வகுப்பில் வரும் பிழைகள் பாதிக்கு, இவையும் அடைதான் என்ற எண்ணம்தான் காரணம்.

பெயரடைகளை அடுக்கலாம்: ‘எ பிக் ஓல்ட் ரெட் ஹவுஸ்’. ‘தி’, ‘திஸ்’, ‘மை’ போன்றவற்றில் ஒன்றுக்கு மேல் ஒரே பெயருக்கு முன் நிற்காது. தமிழில் ‘என்னுடைய அந்தப் புத்தகம்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அதையே ‘மை தட் புக்’ என்று எழுதினால் பிழை, ‘தட் புக் ஆஃப் மைன்’ என்றுதான் வரவேண்டும். அடை என்று கற்றவர் அடுக்கத்தான் செய்வார்.

அடையை நீக்கினாலும் வாக்கியம் நிற்கும். ‘ஐ பாட் எ ரெட் பென்’ என்பதில் ‘ரெட்’ போனால் குறையில்லை. ‘எ’ போனால் வாக்கியம் உடைகிறது. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனியே நிற்காது. ‘பேனா வாங்கினேன்’ என்று நமக்கு இயல்பாக வருவதால் ‘ஐ பாட் பென்’ என்று எழுதுகிறார்கள்.

பெயரடையை அடையாளம் காண ‘வெரி’ சேர்த்துப் பார்ப்பதையும் ‘இஸ்’ என்பதற்குப் பின் வைத்துப் பார்ப்பதையும் மட்டும் நம்பவேண்டாம். ‘தி மெயின் ரீசன்’ என்பதில் ‘மெயின்’ பெயரடைதான். ஆனால் ‘வெரி மெயின்’ கிடையாது, ‘தி ரீசன் இஸ் மெயின்’ கிடையாது. அதற்கு முன்னால் ‘தி’ நிற்கிறதே, அதுதான் சான்று. மறுபக்கம் ‘ஃபியூ’, ‘மெனி’ இரண்டும் ‘வெரி’ ஏற்கும், ‘தி’க்குப் பின்னும் வரும், ஆனாலும் டிட்டர்மினர் பட்டியலில் இருக்கின்றன. இவற்றுக்கு உட்பிரிவு தேவைப்படும்.

என் தேர்வு ‘வரைசொல்’. வினைத்தொகை, அளவு குறுகல்.

----------

வரைசொல்லுக்கு என் ஒப்புதல். (வரைவு என்றதும் அகத்திணைக்காரர்களுக்குத் திருமணம் நினைவுக்கு வரும். பரவாயில்லை, பெயரைத் தனியே விடாத சொல்தானே.)

தமிழ்ச் சோதனைக்கு வேலி போடாவிட்டால் ஆபத்து. ‘ஹிஸ்’ என்பதை எடுங்கள்: ‘ஹிஸ் ஹவுஸ்’ என்பதில் வரைசொல், ‘தி ஹவுஸ் இஸ் ஹிஸ்’ என்பதில் பிரதிப்பெயர். மாணவர் ‘அவனது வீடு’, ‘வீடு அவனது’ என்று பெயர்த்தால் இரண்டும் ஒரே வடிவம், சோதனை படுத்துவிடும். ‘அவனுடைய’, ‘அவனுடையது’ என்று பெயர்க்கச் சொன்னால் பிரியும். ‘ஹெர்’ இன்னொரு வகை: ‘ஐ மெட் ஹெர்’ என்றால் ‘அவளை’, ‘ஹெர் பிரதர்’ என்றால் ‘அவளுடைய’. எண்ணுப்பெயரில் ‘ஒன்று/ஒரு’ தாண்டினால் உதவாது. ‘இரண்டு’ இரு இடத்திலும் வரும்.

பெயரடைக்கு இந்தச் சோதனையை நீட்டவே கூடாது. ‘திஸ் இஸ் குட்’ என்பதைத் தமிழில் ‘இது நல்லது’ என்போம். ‘நல்லது’ பெயர் என்பதால் ‘குட்’ பெயர்ச்சொல் ஆகிவிடாது. தலைகீழாக, ‘ஸ்கூல் பஸ்’ என்பதில் ‘ஸ்கூல்’ அடைபோல நின்றாலும் பெயர்ச்சொல்தான்: ‘வெரி ஸ்கூல் பஸ்’ இல்லை, ‘தி பஸ் இஸ் ஸ்கூல்’ இல்லை. பெயரும் பெயரும் சேர்ந்த நம் தொகைபோல, ‘பள்ளிப் பேருந்து’ என்று பார்த்தால் போதும். ‘தி ரிச்’ என்பது ‘செல்வர்’ என்று பெயராக வந்தாலும், ‘தி வெரி ரிச்’ என்று ‘வெரி’ ஏற்பதால் உள்ளே பெயரடை.

----------

சுட்டடையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சிக்கல் பாக்கி. 2002-இல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணம் சொல்வகையை ‘டிட்டர்மினேட்டிவ்’ என்றும், பெயர்த்தொடரில் அது வகிக்கும் இடத்தை ‘டிட்டர்மினர்’ என்றும் பிரிக்கிறது. ‘ராம்ஸ் ஹவுஸ்’ என்பதில் ‘ராம்ஸ்’ அந்த இடத்தில் நிற்கிறது. ஆனால் அந்த வகைச் சொல் இல்லை. இரண்டுக்கும் ‘வரைசொல்’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொள்வார். சொல்வகைக்கு வரைசொல், இடத்துக்கு ‘வரைநிலை’ என்று பிரிக்கலாமா?

பட்டியலில் இப்போதைக்கு இப்படிப் போடுகிறேன்:

வரைசொல்: பெயருக்கு முன் நின்று, எது, எத்தனை, யாருடையது என்று அதன் பரப்பை வரையறுக்கும் சொல். பெயரடைக்கு முன்னால் வரும். இந்த, எந்த, ஒவ்வொரு, என்னுடைய என்று தமிழாகும். இது, எது, ஒவ்வொன்று, என்னுடையது என்று தமிழானால் பிரதிப்பெயர் பார்க்க.

‘ஃபியூ’, ‘மெனி’ இரண்டையும் 1985-இல் வந்த ஆங்கில இலக்கணத்தில் குவர்க் குழுவினர் செய்ததுபோல் பின்வரைசொல் என்று தனியே வைக்கிறேன். ‘ஆல்’, ‘போத்’ முன்வரைசொல் ஆகும். ‘ஆல் மை புக்ஸ்’ எப்படிச் சரியாகிறது என்ற கேள்விக்கும் அதுவே விடை. வரைநிலைக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.