மெரினால மணல் கடல் மாதிரி கிடக்கு, காசிமேடு பக்கம் வெறும் கருங்கல்லு, ஏன் இப்படி?

வடசென்னைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இருக்கற டவுட்டு. ஊர்லேந்து சொந்தக்காரங்க வந்தாங்கன்னு மெரினா கூட்டிட்டு போனேன், ரோட்டுலேந்து தண்ணி வரைக்கும் அந்த மணல்ல நடக்கறதுக்குள்ள பெரியவங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு. அதே கடல்தான எங்க வீட்டுப் பக்கமும் இருக்கு, ஆனா ராயபுரம் தாண்டினா கரையே கிடையாது, கல்ல கொட்டி வச்சிருக்காங்க, அலை நேரா கல்லுல வந்து அடிக்குது. எங்க ஆயா காலத்துல இங்கயும் மணல் இருந்துச்சாம், கரைவலை இழுப்பாங்களாம். கடல் மட்டம் ஏறுது அதான் ஊருக்குள்ள வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா மெரினாவுக்கு மட்டும் ஏன் ஏறல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜில்ஜில்_மோகன்:
குளோபல் வார்மிங் தான் சிஸ்டர், வேற என்ன. இன்னும் கொஞ்ச நாள்ல சென்னையே தண்ணிக்குள்ள.

மணல்மேடு:
மோகன் சார், கடல் மட்டம் ஏறுறது உண்மைதான், ஆனா அக்கா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல. ஹார்பருக்கு தெக்க ஒரு மாதிரி வடக்க ஒரு மாதிரின்னா நடுவுல இருக்கற ஹார்பரத்தான் பாக்கணும்.

நம்ம கரையில அலை நேரா வந்து மோதாது, வருஷத்துல பாதிக்கு மேல தென்கிழக்கேந்து சாய்வா வரும். சாய்வா ஏறுற தண்ணி கொஞ்சம் மணல கூட்டிட்டு மேல வரும், திரும்பும்போது சரிவுல நேரா கீழ இறங்கிடும், அப்போ அந்த மணல் ஒவ்வொரு அலைக்கும் துளி வடக்க தள்ளி உக்காரும். ராத்திரி பகலா இதே வேலை. வாடைக்காத்து மாசங்கள்ல மட்டும் திசை மாறி தெக்க போகும், ஆனா கூட்டிக் கழிச்சுப் பாத்தா வருஷா வருஷம் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்க பாத்து போயிட்டே இருக்கு. நம்பலன்னா கரையில நின்னு காலி தேங்காய அலைக்குள்ள போட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல அது எங்க ஒதுங்குதுன்னு தெரியும்.

இதுக்கு நடுவுல 1870கள்ல ஹார்பர் கட்ட ஆரம்பிச்சாங்க, 1881 புயல்ல பாதி உடைஞ்சும் விடாம மறுபடி கட்டினாங்க. கடலுக்குள்ள நீட்டின அந்தச் சுவர் வடக்க போற மணல மறிச்சுது. தெக்க வந்து சேந்த மணல் தேங்கித் தேங்கி மெரினா ஆச்சு, இப்போ சராசரியா 300 மீட்டர் அகலம்ங்கறாங்க. அதுக்கு முன்னாடி கடல் கோட்டைக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு. அமெரிக்காலேந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டிய வைக்க 1842ல கட்டின ஐஸ் ஹவுஸ், அதான் இப்போ விவேகானந்தர் இல்லம், அது வாசல்ல நின்னு கடல் எங்க இருக்குன்னு பாருங்க, அவ்ளோ தூரம் ஐஸ சுமக்கறதுக்கா அங்க கட்டியிருப்பாங்க? கிராண்ட் டஃப்னு ஒரு கவர்னர் 1884ல நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வச்சாரு.

வடக்க என்ன ஆச்சுன்னா அலை மட்டும் வழக்கம்போல அங்க இருக்கற மணல எடுத்துட்டு இன்னும் வடக்க போச்சு, ஆனா அந்தக் குழிய ரொப்ப தெக்கேந்து வர வேண்டிய மணல் வரல. ஒரு வரியில சொன்னா, மெரினால கிடக்கறது ராயபுரத்து மணல்.

குப்பத்துப்_பையன்:
நல்லா சொன்னீங்கண்ணே, கேக்கவே வயிறு எரியுது. நான் திருவொற்றியூர் பக்கம். கல்லு கொட்டினா வீடு நிக்கும் ஆனா ஃபைபர் படக எங்க ஏத்தறது, வலைய எங்க காய வைக்கறது? கரைவலைக்கு கரை வேணாமா? அப்பறம் மறியல் பண்ணி தூண்டில் வளைவு, அதான் கரையிலேந்து கடலுக்குள்ள நீட்டி கல்லுல போடற சுவர், அத வாங்கினோம், எங்களுக்கு கொஞ்சம் மணல் சேந்துச்சு. பக்கத்துல வடக்க இருக்கற குப்பத்துக்காரங்க இப்போ எங்கள திட்றாங்க, அவங்க பக்கம் பறிச்சுட்டு போகுதாம். தூண்டில் வளைவு மேல ஏறி நின்னு பாத்தா நல்லாவே தெரியும், தெக்குப் பக்கம் மணல் கல்லோட உச்சி வரைக்கும் ரொம்பி கிடக்கும், வடக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு அறுத்து வச்சிருக்கும். இப்போ அவங்களும் ஒண்ணு கேக்கறாங்க. கேக்காம என்ன பண்ணுவாங்க? கட்டக் கூடாதுன்னு ஏசி ரூம்ல உக்காந்து சொல்றவங்க ஒரு ஐப்பசி மாசம் எங்க தெருவுல வந்து படுத்துப் பாக்கட்டும்.

புதுவை_சிவா:
எங்க ஊர்லயும் இதே கததான். 80கள் கடைசியில தேங்காய்த்திட்டு பக்கம் முகத்துவாரத்துல துறைமுகத்துக்குன்னு ரெண்டு கல்சுவர் போட்டாங்க, அதுக்கு வடக்க இருந்த பீச் கொஞ்ச கொஞ்சமா காணாம போய் பீச் ரோட்டுல வெறும் பாறைதான் மிச்சம், என் தலைமுறை பசங்களுக்கு பாண்டி பீச்னாலே கல்லு மேல உக்காந்து கடல பாக்கறதுதான். 2018ல என்ஐஓடி, அதான் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகம் பக்கம் தண்ணிக்கு அடியில இரும்புல ஒரு செயற்கைத் திட்டு இறக்கினாங்க, அலையோட வேகத்த முன்னாடியே கொறைக்கும், மணல் நிக்கும். நின்னுச்சு, இப்போ குழந்தைங்க மணல்ல விளையாடுது. ஆனா ஊர் முழுக்க வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க.

வடசென்னைக்காரி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். குப்பத்துப் பையன் தம்பி சொன்னது படிச்சு கஷ்டமா இருக்கு. ரெண்டு கேள்வி. தேங்கின மணல எடுத்து வடக்க கொட்டினா என்ன? அப்பறம் பட்டினப்பாக்கம் ஹார்பருக்கு தெக்கதான இருக்கு, அங்க சீனிவாசபுரத்துல ஏன் வீடு இடியுது?

மணல்மேடு:
கொட்டலாம் அக்கா. விசாகப்பட்டினத்துல துறைமுகத்துக்கிட்ட தேங்கற மணல தூர்வாரி ஆர்கே பீச் பக்கம் பம்ப் பண்றாங்க. ஆனா ஒரு தடவை கொட்டிட்டு போட்டோ எடுத்துட்டு போற வேலை இல்ல, அலை வருஷம் பூரா எடுத்துட்டே இருக்கும், வருஷா வருஷம் செலவு பண்ணணும். கல்லு கொட்டறதுக்கு ஒரு டெண்டர் போதும், அதனால கல்லுதான் ஜெயிக்குது, இது என்னோட கடுப்பு.

சீனிவாசபுரம் அடையாறு முகத்துவாரத்த ஒட்டி இருக்கு. ஆத்துத் தண்ணி கொறைஞ்சா கடல் மணல தள்ளி வாய மூடிடும், மழைக்கு வெள்ளம் உடைச்சுட்டு வெளிய வரும், அந்த வாய் ஒரே எடத்துல நிக்காது, அதனால பக்கத்துக் கரையும் ஏறும் இறங்கும். கூடவே மழைக்கால அலை கரை மணல வாரி கொஞ்ச தூரத்துல கடலுக்குள்ள திட்டா வைக்கும், கோடையில சின்ன அலை அத திருப்பிக் கொண்டு வரும், நடுவுல இருக்கற மாசங்கள்ல வீடு மாட்டிக்குது. அதோட கரைக்கு மணல் சப்ளையே ஆறுதான, பாலாறு மாதிரி ஆறுங்க வறண்டு கிடக்கு, இருக்கற மணலும் லாரியில போகுது.

அடுத்த தடவை கரைக்கு போனா கோடு கோடா கருப்பு மணல் படிஞ்சிருக்கான்னு பாருங்க. லேசான வெள்ளை மணல அலை தூக்கிடும், இல்மனைட், கார்னெட் மாதிரி கனமான கனிம மணல் தங்கிடும். கருப்பு ரொம்ப இருந்தா அந்த எடத்த கடல் கிட்டத்துலதான் அரிச்சிருக்குன்னு அர்த்தம்.

குப்பத்துப்_பையன்:
எங்க பக்கம் கருப்புதான் அண்ணே.