டைம்அவுட் இல்லாம 3 சர்வரை ஒத்துப்போக வைக்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறை அட்மின்:
பால் சொசைட்டி கணக்குக்கு கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் மூணு இடத்துலயும் எட்சிடி (ஒரே டேட்டாவைப் பல சர்வர்ல நகலா வைக்கிற சாப்ட்வேர்) நோடு. லீடர் நோடு 'உயிரோட இருக்கேன்'னு அனுப்புற ஹார்ட்பீட் 50, எலெக்‌ஷன் டைம்அவுட் (ஹார்ட்பீட் வராம இவ்வளவு நேரம் ஆனா புது லீடர் தேர்தல்) 300 மில்லிசெகண்ட். மழை பிடிச்சா லைன் இழுக்குது, லீடர் மாறிக்கிட்டே இருக்கு, என்ட்ரி ஏறமாட்டேங்குது. டைம்அவுட்டே இல்லாத அல்காரிதம் இருக்கா? ஒரு நோடு கெட்டு, ஆளுக்கொரு எண் அனுப்பினா மூணு போதுமா?

சித்தூர்ப்புழை:
செய்தி வர கால வரம்பே இல்லாத நெட்வொர்க்குல, ஒரே ஒரு மெஷின் நின்னுபோகலாம்னாலும், கட்டாயம் முடிவுக்கு வர்ற நிர்ணய (எதையும் குலுக்கல்ல விடாத) அல்காரிதம் இருக்க முடியாதுன்னு 1985-ல ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் நிரூபிச்சிட்டாங்க. செத்த மெஷினையும் மெதுவான மெஷினையும் வெளியில இருந்து பிரிச்சறிய வழியில்ல. எட்சிடி உள்ள ஓடுற ராஃப்ட் அல்காரிதத்துல டைமர் தப்பினா வேலை நிக்கும், ஆனா முரணான ரெண்டு முடிவு வராது. அதனால டைமரை எடுக்காதீங்க, கூட்டுங்க. மழை நேரத்துல தூரமான ரெண்டு நோடுக்கு நடுவுல பிங் (செய்தி போய்த் திரும்புற நேரம்) பாருங்க. ஹார்ட்பீட் அந்த அளவுக்கு, எலெக்‌ஷன் அதுக்கு 10 மடங்காவது. எட்சிடி இயல்பா வச்சிருக்கிறதே 100, 1000 தான். மூணு நோடுலயும் ஒரே எண்.

வாளையார் நெட்:
டிஸ்கையும் பாருங்க அண்ணா. எஃப்சிங்க் (எழுதினதை டிஸ்குல நிஜமா ஏத்தி உறுதி பண்றது) மெதுவானா லீடர் தடுமாறும், பார்க்கிறதுக்கு லைன் கோளாறு மாதிரியே இருக்கும். 100-ல 99 எழுத்து 10 மில்லிசெகண்டுக்குள்ள முடியணும். வேகத்துக்காக எஃப்சிங்கை மட்டும் அணைச்சிடாதீங்க. போட்ட வோட்டு டிஸ்குல ஏறாம கரண்ட் போச்சுன்னா, எழுந்ததும் அதே டேர்ம்ல (தேர்தல் சுற்றுல) இன்னொருத்தருக்கு வோட்டு போடும். அப்போ ரெண்டு லீடர்.

கொழிஞ்சாம்பாறை அட்மின்:
சரிங்க, பார்த்துடறேன். பொய் சொல்ற நோடு விஷயம்?

சித்தூர்ப்புழை:
ராஃப்ட் அதைத் தாங்காது. ஒரு பொய்யனுக்கு 4 நோடு வேணும். மூணுல ஒருத்தர் மௌனமா இருக்கலாம்னா 2 வோட்டுலயே முடிவெடுக்கணும். ரெண்டு பேர் கொண்ட ரெண்டு கூட்டத்துக்கும் பொது ஆள் ஒருத்தர்தான், அவரே பொய்யனா இருக்கலாம். நாலுல 3 வோட்டுன்னா பொது ஆள் குறைஞ்சது ரெண்டு, அதுல ஒருத்தராவது நேர்மை.

நாலு நோடுக்கு பிராக்காங்கிற ஆய்வாளரோட முறைல, எண் வந்ததும் எல்லாருக்கும் எக்கோ ('எனக்கு இந்த எண் வந்துச்சு') அனுப்பணும். ஒரே எண்ணுக்கு 3 எக்கோ, இல்ல 2 ரெடி ('ஏத்துக்கத் தயார்') வந்தா ரெடி அனுப்பணும். 3 ரெடி சேர்ந்தா ஏத்துக்கணும். டைமரே இல்ல. ஆனா இது பரப்புறதுக்கு மட்டும். எந்த என்ட்ரி முதல்லன்னு ஒத்துக்க, பென்-ஓர் 1983-ல காட்டின மாதிரி நாணயம் சுண்டணும், அதாவது ரேண்டமா தேர்வு செய்யணும். ஆளுக்கொரு நாணயம்னா நோடு கூடக்கூட சுற்று எக்கச்சக்கமா ஏறும், பொது நாணயம்னா சராசரில சில சுற்றுதான்.

உங்க பயம் எண் மாறறது மட்டும்னா, பால் அளக்கிற கம்ப்யூட்டர்லயே ஒவ்வொரு என்ட்ரிக்கும் டிஜிட்டல் கையெழுத்து போடுங்க, படிக்கிற இடத்துல சரிபாருங்க. சாவி அந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்கணும், நோடுல கூடாது.