மறு: போர்க்கப்பலின் ‘கமிஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘ஃபிரிகேட்’ என்ற பாய்மரக் காலத்து விரைவுப் போர்க்கப்பலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுகொண்டே போகிறது. விரைகலம், வேவுக்கலம், தூசிக்கலம் என்று மூன்று சொற்கள் களத்தில் நிற்கின்றன. படையின் முன்வரிசைக்குத் தூசி என்று பழந்தமிழில் பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘தூசிக்கலம்’ என்று படிக்கும் இன்றைய வாசகர் துடைப்பத்தைத்தான் தேடுவார். அங்கே முடிவு வரும்வரை நான் ஃபிரிகேட் என்றே எழுதுவதாக இருக்கிறேன். இப்போது அவசரமாக வேண்டியது வேறொரு சொல்.

கோவென்ட்ரி என்ற பிரிட்டிஷ் ஃபிரிகேட்டின் பணி வரலாற்றைக் கட்டுரையாக எழுதிவருகிறேன். தாமஸ் ஸ்லேட் வகுத்த வரைபடப்படி கட்டப்பட்டு 1757-இல் நீரில் இறங்கிய கப்பல். ஏறத்தாழ 118 அடி நீளம். மேல்தளத்தில் ஒன்பது பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள் 24, பின்மேடையில் மூன்று பவுண்டுப் பீரங்கிகள் 4, ஆட்கள் 200 பேர். கீழ்த்தளத்தில் பீரங்கியே கிடையாது. மாலுமிகள் தூளி கட்டித் தூங்கும் இடம் அது. பீரங்கிகள் எல்லாம் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருந்ததால், இரண்டடுக்குக் கப்பல்கள் கீழ்ச்சாளரங்களை மூடிக்கொள்ள வேண்டிய கொந்தளிப்பிலும் ஃபிரிகேட் தன் பீரங்கிகள் அனைத்தையும் சுட முடிந்தது. அளவில் சிறியதாக இருந்தும் தளபதிகள் இதற்குப் போட்டி போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் தமிழில் எழுதுவதில் சிக்கலே இல்லை. ‘கோவென்ட்ரி 1757-இல் கமிஷன் செய்யப்பட்டது’ என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. தரகுக் கமிஷனா, விசாரணைக் கமிஷனா என்று வாசகர் கேட்பார்.

தனிமடலில் வந்த யோசனைகள் நான்கு: அர்ப்பணிப்பு, படையில் இணைப்பு, வெள்ளோட்டம், பணியேற்பு.

2022 செப்டம்பரில் கொச்சியில் விக்ராந்த் விமானம் தாங்கிக் கப்பல் ‘நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. இன்றைய நடைமுறைக்கு அந்தச் சொல் பொருந்தும். ஒருமுறை அர்ப்பணித்தால் கப்பல் ஓய்வுபெறும்வரை படையில்தான் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. போர் முடிந்ததும் கப்பலைத் துறைக்குள் கொண்டுவந்து, பீரங்கிகளையும் பாய்களையும் இறக்கி, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போசன் (பாய்களுக்கும் கயிறுகளுக்கும் பொறுப்பாளர்), பீரங்கிப் பொறுப்பாளர், தச்சர், சமையற்காரர் என்று கப்பலோடு பிணைக்கப்பட்ட சிலர் மட்டும் தங்குவார்கள். மொட்டை மரமாகக் கப்பல் ஆண்டுக்கணக்கில் கட்டிக் கிடக்கும். அடுத்த போர் மூளும்போது கடற்படைத் தலைமை ஒருவரைத் தளபதியாக நியமித்து ஆணை எழுதிக் கொடுக்கும். அந்தத் தாள்தான் கமிஷன். அவர் கப்பலில் ஏறி ஆணையை உரக்கப் படிப்பார். நாடாவைப்போல் ஒடுங்கி நீண்ட கொடி ஒன்று நடுப்பாய்மரத்தில் ஏறும். அன்றிலிருந்து கப்பல் பணியில் இருப்பதாகக் கணக்கு. ஆட்கள் பிறகுதான் வந்து சேருவார்கள், சிலர் விரும்பி, பலர் துறைமுகத் தெருக்களில் பிடித்து இழுத்துவரப்பட்டு.

ஒரே கப்பலுக்கு இது மூன்று, நான்கு முறைகூட நடக்கும். ஆகவே ‘அர்ப்பணிப்பு’ உதவாது. அர்ப்பணித்ததைத் திரும்பத் திரும்ப அர்ப்பணிக்க முடியாது. ‘படையில் இணைப்பு’ம் அப்படியே. துறையில் கட்டிக் கிடந்த நாளிலும் கோவென்ட்ரி படையின் சொத்துதான், அதன் பெயர் பட்டியலில் இருந்தது. ‘வெள்ளோட்டம்’ அருமையான சொல். ஆனால் தேருக்கும் கப்பலுக்கும் வெள்ளோட்டம் என்பது புதிதாகக் கட்டிப் பார்க்கும் முதல் ஓட்டம். அதை அதன் பொருளிலேயே விட்டுவைப்போம். ‘பணியேற்பு’ சற்று நெருங்கி வருகிறது. என்ன குறை என்றால், பணியேற்பது தளபதிதானே ஒழியக் கப்பல் அல்ல. ‘கோவென்ட்ரி பணியேற்றது’ என்று எழுதினால் புது மாவட்ட ஆட்சியர் வந்து நாற்காலியில் அமர்ந்தது போல இருக்கிறது.

என் முன்மொழிவு: கொடியேற்றம்.

கோயில் திருவிழாவாகட்டும், வேளாங்கண்ணித் திருவிழாவாகட்டும், கொடி ஏறினால்தான் விழா தொடங்கியதாகப் பொருள். கொடி ஏறியபின் ஊருக்கே சில கட்டுப்பாடுகள் வந்துவிடும். கொடி இறங்கினால் விழா முடிந்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் ஏறும். திரும்ப நிகழ்வது, ஆணையின்பேரில் நிகழ்வது, நிகழ்ந்த கணத்திலிருந்து விதிகள் மாறுவது ஆகிய மூன்றும் இந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. கப்பலிலும் உண்மையாகவே ஒரு கொடிதான் ஏறுகிறது. உருவகம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்களை அனுப்பிக் கப்பலைக் கலைப்பதற்குக் கொடியிறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடைப்பட்ட காலத்தில் கப்பல் துறையில் கிடப்பதை ஆங்கிலத்தில் ‘இன் ஆர்டினரி’ என்றார்கள். நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும் வழக்கமான ஆண்டுச் செலவுக் கணக்கில் அதன் பராமரிப்பு அடங்கியதால் வந்த பெயர். அதை மொழிபெயர்த்து ‘சாதாரணத்தில் இருந்தது’ என்று எழுதியதைக் கண்டிருக்கிறேன், படித்தவர் பாவம். நம்மிடம் ‘கிடப்பு’ இருக்கிறது. கோப்பைக் கிடப்பில் போடுவது போலக் கப்பலையும் கிடப்பில் போடலாம். கிடப்புக் கப்பல் என்றால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

மறுமொழி, மட்டக்களப்பிலிருந்து

அண்ணாவுக்கு வணக்கம்.

கொவென்ரியின் கதை எங்கள் கரையோடு சம்பந்தப்பட்டது என்பதால் ஆவலோடு வாசித்தேன். 1782 ஓகஸ்ட் 12ஆம் திகதி அக்கப்பல் பிரெஞ்சு ஃபிரிகேட்டான பெல்லோனோடு மோதியது இலங்கையின் கிழக்குக் கடலிலேதான். கொவென்ரியில் 15 பேர் இறந்து 29 பேர் காயமடைந்தனர். பெல்லோனின் தளபதியும் கொல்லப்பட்டார். தப்பியோடிய பெல்லோனைத் துரத்திக்கொண்டு வந்த கொவென்ரி, மட்டக்களப்புக்கு அண்மையில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரெனின் முழுப் படையும் நங்கூரமிட்டு நிற்பதைக் கண்டு திரும்பிவிட்டது.

கொடியேற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாமாங்கேசுவரர் கோயில் கொடியேற்றம் என்றால் இங்கே சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் கொடியிறக்கத்தை ஏற்க மாட்டேன். போரிலே ஒரு கப்பல் கொடியை இறக்கினால் அது சரணடைந்தது என்றே பொருள். இதே கொவென்ரிக்கு அது நடந்தது. 1783 ஜனவரியில், இன்றைய ஒடிசாக் கரையிலுள்ள கஞ்சம் துறைக்கு வெளியே, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் என்று எண்ணிப் பிரெஞ்சுப் படைக்கு நடுவே போய் அகப்பட்டது. ஹைதர் அலி இறந்த செய்தியைச் சுஃப்ரென் அறிந்ததும் அதிலிருந்து பிடிபட்டவர்கள் மூலமே. உங்கள் கட்டுரையில் ‘கொடியிறக்கம்’ என்று கண்டால் சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு போனார்களா, கைதிகளாகப் போனார்களா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. கொடி ஏறியதிலிருந்து கப்பல் கலைக்கப்படும்வரை உள்ள காலத்துக்கும் ஆங்கிலத்தில் கமிஷன் என்றே பெயர். அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘தவணை’ என்று வைத்தால் என்ன? பாடசாலையில் முதலாம் தவணை, இரண்டாம் தவணை என்கிறோமே.

* * *

மறுமொழி, புதுச்சேரியிலிருந்து

தம்பிக்கும் மட்டக்களப்புத் தங்கைக்கும் வாழ்த்துகள்.

கொடி இருக்கும் காலம் என்பதால் ‘கொடிக்காலம்’ என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள் என்று முந்திக்கொண்டு எழுதுகிறேன். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். ‘கோவென்ட்ரியின் மூன்றாவது கொடிக்காலத்தில்’ என்று படித்தால் எனக்குச் சுண்ணாம்பு நினைவுக்கு வரும். தவணை பரவாயில்லை, இங்கே கடன் தவணை குறுக்கே வந்தாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

கப்பலைக் கலைப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள்: ‘பே ஆஃப்’. சம்பளம் கொடுத்து அனுப்புவதுதான் அங்கே முக்கியம், கொடி அல்ல. தேர்ந்த மாலுமிக்கு 28 நாள் மாதத்துக்கு 24 ஷில்லிங். 1653-இல் வைத்த அந்தக் கூலியை 1797-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் நங்கூரத்துறையில் மாலுமிகள் கலகம் செய்யும்வரை ஒரு பென்னிகூட ஏற்றவில்லை. அதையும் மாதாமாதம் தரவில்லை. தூரக்கடலுக்குப் போன கப்பல் என்றால் ஊர் திரும்பினால்தான் காசு. கையில் காசு இருந்தால் ஆள் ஓடிவிடுவான் என்ற பயம். ஆண்டுக்கணக்காகத் தேங்கிய கூலி ஒரே நாளில் எண்ணிக் கொடுக்கப்படும் நாள் அது. இதற்கு நம் மில்களிலும் பண்ணைகளிலும் புழங்கும் சொல் ஒன்று உண்டு: கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள் என்போம். கப்பலுக்கும் ‘கணக்கு முடிப்பு’ என்றே வைக்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் இதையே ‘அர்மே’, ‘தெசார்மே’ என்றார்கள், ஆயுதம் பூட்டுவது, ஆயுதம் களைவது என்று. ஒருவர் தாளைப் பார்த்தார், மற்றவர் பீரங்கியைப் பார்த்தார். நாம் கொடியைப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கூடவே ஒரு யோசனை. 1778-இல் புதுச்சேரி முற்றுகையின்போது கோவென்ட்ரியும் பிரிட்டிஷ் தளபதி வெர்னனின் படையில் நம் கடலில் நின்றது. அந்த ஆண்டு தொடங்கி 1792 வரை இரண்டாம் வீராநாயக்கர் இங்கேயே இருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கப்பற்சொல் தேடுகிறவர்கள் அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால் அதைப் புரட்டலாம்.

* * *

குழுமத்தாருக்கு,

மட்டக்களப்புத் தங்கையின் தடை வலுவானது. பணிக்கொடி நடுப்பாய்மரத்து உச்சியில் பறப்பது. சரணடையும்போது இறக்குவது கப்பலின் பின்பக்கத்து நாட்டுக்கொடி. இரண்டும் வேறு கொடிகள்தான். அதற்காகப் பொதுவாசகரிடம் போய் எந்தக் கொடி, எந்த மரம் என்று வகுப்பெடுக்க முடியாது. எனவே சரணடைவதற்குக் ‘கொடி தாழ்த்தல்’, கலைப்பதற்குப் புதுச்சேரி ஐயாவின் ‘கணக்கு முடிப்பு’. ஏற்றமும் இறக்கமும் இணையாக இருக்க வேண்டும் என்ற அழகு இதில் போய்விடுகிறது. ஆனால் கலைச்சொல்லுக்கு அழகைவிடக் குழப்பமின்மை முக்கியம் என்பது என் கட்சி. ஆங்கிலத்திலும் இந்த இரண்டும் இணைச்சொற்கள் அல்ல.

தவணையை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு வாசகருக்காக முதலில் வரும் இடத்தில் ‘பணித்தவணை’ என்றும் பிறகு வெறும் தவணை என்றும் எழுதலாம்.

இந்தச் சொற்களோடு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

‘1757-இல் கோவென்ட்ரியின் முதல் கொடியேற்றம் நிகழ்ந்தது. தளபதி கார் ஸ்குரோப். ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல்களை வேட்டையாடுவது அதன் வேலையாக இருந்தது. கடைசிப் பணித்தவணை அதை இந்தியக் கடலுக்குக் கொண்டுவந்தது. 1778 ஆகஸ்ட் 10 அன்று புதுச்சேரிக்கு எதிரே நடந்த மோதலில் பங்கெடுத்தது. முற்றுகையிடப்பட்ட நகரம் அக்டோபரில் பணிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இலங்கைக் கரையில் பெல்லோனோடு மோதியது. அந்தத் தவணைக்குக் கணக்கு முடிப்பு நடக்கவே இல்லை. 1783 ஜனவரியில் கஞ்சத்துக்கு எதிரே தளபதி வில்லியம் வுல்ஸ்லி கொடி தாழ்த்தினார்.’

ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, எந்தச் சொல்லில் தடுக்குகிறது என்று சொல்லுங்கள். எதிர்ப்பு இல்லையென்றால் நான்கையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்: கொடியேற்றம், பணித்தவணை, கணக்கு முடிப்பு, கிடப்பு. பட்டியலில் ‘கிடப்பு’க்கு நேரே ‘துறையில் பாதுகாத்து வைக்கப்பட்ட நிலை’ என்று ஒரு வரி விளக்கமும் தேவை. இல்லாவிட்டால் கைவிடப்பட்ட கப்பல் என்று எண்ண இடமுண்டு.

அடுத்த தலைவலி ‘ரேட்’. பீரங்கி எண்ணிக்கையை வைத்துக் கப்பல்களை ஆறு ரேட்டாகப் பிரித்தார்கள். நூறு பீரங்கியும் மூன்று அடுக்கும் கொண்டவை முதலாவது, கோவென்ட்ரி ஆறாவது. ‘தரம்’ என்று எழுதினால் 74 பீரங்கிக் கப்பல் ‘மூன்றாந்தரக் கப்பல்’ ஆகிவிடும். அணிவகுத்து நின்று பொருதும் கடற்போர்களின் முதுகெலும்பே அந்த வகைதான். அதை மூன்றாந்தரம் என்று எப்படி எழுதுவது? ‘வகுப்பு’ என்றால் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட கப்பல் குடும்பத்துக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. கோவென்ட்ரி வகுப்பு என்றே ஒன்று இருக்கிறது. ‘படி’ என்று ஒரு எண்ணம் ஓடுகிறது: முதற்படிக் கப்பல், ஆறாம்படிக் கப்பல். தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.