அம்மப்பாவின் 31: கல்வெட்டு ஃபைல் எங்கே?

வசந்தி பெரியம்மா: பிள்ளைகள், கணினியில அப்பாட 31ஆம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்தை, அந்தக் கல்வெட்டைக் காணல்ல. டெஸ்க்டாப் வெறுமையாகக் கிடக்குது. அச்சகத்தில நாளைக்குக் கேட்கிறாங்க.

மலர் சித்தி: ஐயோ

குகன் மாமா (கனடா): அம்மாட கல்வெட்டில என் மனைவி பெயர் இல்லை. இந்த முறை ஃபைலே இல்லையா?

மலர் சித்தி: தொடங்கிட்டார்

சுதன்: பெரியம்மா, சி டிரைவுக்குள்ள யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

வசந்தி பெரியம்மா: அப்பாட பெயரில இரண்டு இருக்கு. ஒன்றின் வாலில புள்ளி வைத்து டெஸ்க்டாப் என்று ஏதோ. ஒன்றை அழிக்கவா?

சுதன்: வேண்டாம்!! பழைய ஃபோல்டரைக் கணக்கோடு பொருத்த முடியாவிட்டால் விண்டோஸ் புதிதாக ஒன்று உண்டாக்கும். அதே பெயர் ஏற்கெனவே இருப்பதால் வாலில் கணினியின் பெயரை ஒட்டும், அதுவும் இருந்தால் 000, 001 என்று போகும். நீங்கள் பார்க்கிற வெறும் டெஸ்க்டாப் புதியதனுடையது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தால் இப்போது எதில் இருக்கிறீங்க என்று காட்டும். மற்றதற்குள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் பாருங்க. அனுமதி கேட்டால் கன்டினியூ. பப்ளிக், டிஃபால்ட் இரண்டும் விண்டோஸ் வைத்தவை, தொடாதீங்க.

ரவி சித்தப்பா: தயிர் எத்தனை சட்டி சொல்ல?

தாரணி: சித்தப்பா, கணினியைக் கடையில கொடுத்துத் திருத்தின பிறகுதானே இப்படி?

ரவி சித்தப்பா: நான் காசு மட்டும்தான் கொடுத்த

மலர் சித்தி: அதுவும் அக்காட காசு

வசந்தி பெரியம்மா: கிடைச்சிட்டு மனே! ஆனா தமிழ் இல்லை, முழுக்க இங்கிலீஷ் எழுத்து, கந்தரகோளம்.

சுதன்: அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு, அது இல்லாத இடத்தில் இங்கிலீஷ் எழுத்தாகத்தான் தெரியும். விண்டோஸ் 10இல் 2018இலிருந்து எழுத்துருவை ஒரு கணக்குக்கு மட்டும் என்று போடவும் முடியும், அப்படிப் போட்டிருந்தால் பழைய ஃபோல்டரில் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள்தான் கிடக்கும். அதை எடுத்து எல்லாப் பயனருக்கும் என்று நிறுவினால் எழுத்து வரும்.

குகன் மாமா (கனடா): வந்ததும் மருமக்கள் பகுதியைப் போடுங்க

வசந்தி பெரியம்மா: எழுத்து வரட்டும் குகன், மறுகா பார்ப்பம்.

தாரணி: இரண்டு ஃபோல்டர் எதுக்கு, பழையதைத் தூக்கினா இடம் மிச்சம்தானே?

சுதன்: எக்ஸ்புளோரரில் தூக்கினால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் புரொஃபைல்லிஸ்ட் பதிவு மிச்சம் நிற்கலாம். கணக்கு இப்போது பயன்படுத்துகிற ஃபோல்டரைத் தூக்கினால் அடுத்த முறை தற்காலிகப் புரொஃபைல்தான் திறக்கும், அதில் சேமித்தது சைன் அவுட் பண்ணியதும் போய்விடும். முதலில் எல்லாம் பென் டிரைவுக்கு. பிறகு வேறொரு அட்மின் கணக்கால் நுழைந்து, அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸில் யூசர் புரொஃபைல்ஸ் வழியாகத்தான் அழிக்க வேணும்.

மலர் சித்தி: பென் டிரைவ் யாரிட்ட?

தாரணி: என்னுடையதில ஸ்கூல் வேலை

வசந்தி பெரியம்மா: நீ வா மனே, எனக்கு ஏலாது.

சுதன்: நாளைக்கு வேலை முடிய கல்லடிப் பாலம் தாண்டி வாறன். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

ரவி சித்தப்பா: நான் பக்கத்திலதானே, இப்பவே போய்ச் சரிபண்றன்

சுதன்: சித்தப்பா வேண்டாம்

சுதன்: சித்தப்பா?