புதுப்பிப்பு: கொலுசுக் கடைக் கணினியில் அப்டேட் ஏறிவிட்டது

செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுக் கடையில் இருக்கும் விண்டோஸ் 10 கணினியில், 2024 ஜனவரி பாதுகாப்பு அப்டேட் கேபி5034441, 80070643 என்ற பிழையோடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தேனே, இப்போது ஏறிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போடத் தேவைப்படவில்லை.

பிழைக்குக் காரணம் இடம் போதாததுதான். சி டிரைவில் இடம் தாராளம். போதாதது, விண்டோஸ் கெட்டால் சரிசெய்யும் கருவிகளுக்காக வட்டில் தனியே ஒதுக்கிய, கண்ணில் படாத ரெக்கவரி பார்ட்டிஷனில். அங்கே 250 எம்பி காலியாக வேண்டுமாம். பிழைச் செய்தி இதைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

பில் கணக்கை முதலில் பென்டிரைவில் நகலெடுத்தேன். அப்புறம் ரீஏஜென்ட்சி (reagentc) என்ற கட்டளையால் ரெக்கவரியை நிறுத்தி, வட்டைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் (diskpart) கருவியில் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்துப் பெரிதாகப் புதிதொன்று உருவாக்கி, ரெக்கவரியைத் திரும்ப இயக்கினேன். அழிக்கும் முன் பார்ட்டிஷன் எண்ணை நன்றாகப் பாருங்கள். மாறினால் கடைக் கணக்கே காலி. இந்த அப்டேட் அடைப்பது, வட்டிலுள்ள தகவலைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி சம்பந்தப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை. பிட்லாக்கர் போடாதவர்கள் பதற வேண்டாம்.